மைனஸ் 127 டிகிரியில் ஓர் அறை

பூமியின் தரைப்பரப்பில் கருவி வைத்து அளந்து பதிவான மிகக் கடுங்குளிர் மைனஸ் 89.2 டிகிரி செல்சியஸ். அண்டார்க்டிகாவில் சோவியத் ஒன்றியம் நடத்திய வோஸ்டோக் ஆய்வு நிலையத்தில் 1983 ஜூலை 21 அன்று பதிவான அளவு அது. ஆனால் அர்டுயினோ போர்டில் முதன்முதலாக வெப்பநிலை சென்சாரைப் பொருத்திவிட்டுக் கணினித் திரையைப் பார்ப்பவர்களில் பலருக்கு, மின்விசிறி சுழலும் சாதாரண அறையிலேயே மைனஸ் 127 என்று வந்து நிற்கும். சிலருக்கு 85. ஃப்ரீசருக்குள் சென்சாரை வைத்துப் பார்த்தால் 4095.5கூட வரக்கூடும்.

மூன்றும் பொய் எண்கள்தான். ஆனால் உதவுகிற பொய்கள். பார்த்த மாத்திரத்தில் எங்கோ தவறு என்று தெரிந்துவிடும். தவறு எந்தப் பக்கம் என்பதையும் ஓரளவு காட்டிக்கொடுத்துவிடும். அறையின் உண்மையான வெப்பநிலை 30 டிகிரியாக இருக்கும்போது திரையில் 31.6 என்று தெரிந்தால் என்ன செய்வது? அதை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். டிஜிட்டல் வெப்பநிலை சென்சாரை ஒரு மைக்ரோகன்ட்ரோலர் போர்டில் பொருத்துவது பற்றிய வழிகாட்டிகள் பெரும்பாலும் திரையில் எண் தெரிந்ததும் நின்றுவிடுகின்றன. அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த விஷயம் முழுமையாகப் பிடிபடும்.

31.6 என்பது சும்மா சொன்ன எண் அல்ல. எல்எம்35 என்ற பழைய அனலாக் சென்சார் ஒவ்வொரு டிகிரிக்கும் 10 மில்லிவோல்ட் தரும். 30 டிகிரி என்றால் 300 மில்லிவோல்ட். அர்டுயினோ ஊனோ போர்டு இந்த மின்னழுத்தத்தைத் தன் சொந்த 5 வோல்ட்டோடு ஒப்பிட்டு 1024 படிகளாகப் பிரித்துப் பார்க்கிறது. ஒரு படிக்கு ஏறத்தாழ 4.9 மில்லிவோல்ட், அதாவது சுமார் அரை டிகிரி. சிக்கல் அந்த 5 வோல்ட்டில் இருக்கிறது. யுஎஸ்பி வழியே வரும் மின்சாரம் எப்போதும் சரியாக 5 வோல்ட்டாக இருப்பதில்லை. அது 4.75 வோல்ட்டாக இறங்கியிருந்தால் அளவுகோலே சுருங்கிப்போகிறது. 30 டிகிரி 31.6 ஆகத் தெரிகிறது. சென்சாரில் பிழையில்லை, புரோகிராமிலும் பிழையில்லை. லேப்டாப்பிலிருந்து கழற்றி மொபைல் சார்ஜரில் செருகினால் அறையின் வெப்பநிலை மாறிவிட்டதுபோல் தோன்றும்.

டிஜிட்டல் சென்சார்கள் இந்த இடத்தில்தான் பெரிய நிம்மதி தருகின்றன. அளப்பது, அளந்ததை எண்ணாக மாற்றுவது இரண்டும் சிப்புக்குள்ளேயே நடந்துவிடும். கம்பி வழியே வருவது எண் மட்டும். கம்பியின் நீளமோ 5 வோல்ட்டின் ஏற்ற இறக்கமோ அந்த எண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரிக்க முடியாது. வந்தால் முழுசாக வரும், இல்லாவிட்டால் வரவே வராது.

சிப்புக்குள் நடப்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அதில் ஓர் அழகு இருக்கிறது. இத்தகைய பல சிப்புகளில் ஒரே சிலிக்கான் துண்டின் மேல் இரண்டு டிரான்சிஸ்டர்கள் இருக்கும். ஒன்றில் பாயும் மின்னோட்டத்தின் அடர்த்தி மற்றதைவிட 8 மடங்கு என்று வைத்துக்கொள்வோம். அப்போது இரண்டின் பேஸ்-எமிட்டர் மின்னழுத்தங்களுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு கெல்வினுக்கு ஏறத்தாழ 0.18 மில்லிவோல்ட் என்ற கணக்கில் வெப்பநிலையோடு நேர்விகிதத்தில் ஏறும். அந்த விகிதத்தைத் தீர்மானிப்பவை போல்ட்ஸ்மன் மாறிலியும் எலக்ட்ரானின் மின்சுமையும். 2019 மே 20 முதல் உலகம் முழுவதும் கெல்வின் என்ற அலகுக்கான வரையறையே அந்தப் போல்ட்ஸ்மன் மாறிலியைக் கொண்டுதான் எழுதப்பட்டிருக்கிறது. தேசிய அளவியல் கூடங்கள் அடித்தளமாக வைத்திருக்கும் அதே மாறிலிதான் சென்னை ரிச்சி தெருவில் வாங்கும் ஒரு சிறிய சிப்புக்குள்ளும் வேலை செய்கிறது. தயாரிப்பில் ஒரு டிரான்சிஸ்டர் அடுத்ததைப் போலவே அச்சாக அமைவதில்லை என்பதால்தான் டேட்டாஷீட்டில் அரை டிகிரி, கால் டிகிரி என்று பிழை எல்லை போட வேண்டியிருக்கிறது.

பழகுபவர்கள் அதிகம் கையாளும் சென்சார் டிஎஸ்18பி20. டாலஸ் செமிகண்டக்டர் நிறுவனத்தின் படைப்பு. 2001இல் அந்த நிறுவனத்தை மாக்சிம் வாங்கியது. 2021இல் மாக்சிமை அனலாக் டிவைசஸ் வாங்கியது. இந்த சென்சார் மைனஸ் 55 முதல் 125 டிகிரி வரை அளக்கும். மைனஸ் 10க்கும் 85க்கும் இடையில் பிழை அரை டிகிரிக்குள் இருக்கும் என்பது தயாரிப்பாளரின் உறுதி. சாதாரண டிரான்சிஸ்டர் போன்ற மூன்று கால் வடிவத்திலும் கிடைக்கும். தண்ணீரில் அமிழ்த்துவதற்கு ஏற்ப எஃகுக் குழாயில் அடைத்து, நீளமான ஒயரோடும் கிடைக்கும்.

மூன்று கால் வடிவத்தில் ஒரு பழைய பொறி உண்டு. தட்டையான முகம் நம்மைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால் டிஎஸ்18பி20க்கு இடக்கால் கிரவுண்ட், நடுக்கால் டேட்டா, வலக்கால் மின்சாரம். எல்எம்35க்கோ இடக்கால் மின்சாரம், வலக்கால் கிரவுண்ட். இரண்டும் தோற்றத்தில் ஒன்று. பழைய பழக்கத்தில் திருப்பிச் செருகினால் சில நொடிகளில் சிப் விரலைச் சுடும். உடனே கழற்றினால் பிழைத்துக்கொள்வதும் உண்டு. ஆனால் அப்படி ஒரு முறை வெந்த சென்சாரைத் துல்லியம் தேவைப்படும் வேலைக்கு வைத்துக்கொள்ளாமல் இருப்பதே நல்லது. ஒயரோடு வரும் வகையில் சிவப்பு மின்சாரம், கறுப்பு கிரவுண்ட், மஞ்சள் டேட்டா என்பது வழக்கம். எல்லாத் தயாரிப்பாளர்களும் அந்த நிறங்களையே பின்பற்றுவதில்லை என்பதால் வாங்கிய இடத்தின் குறிப்பை ஒரு முறை பார்த்துவிட வேண்டும்.

இனி மைனஸ் 127. டிஎஸ்18பி20க்கு அர்டுயினோவில் பெரும்பாலானோர் பயன்படுத்தும் டாலஸ் டெம்பரேச்சர் லைப்ரரியில், “சென்சார் பதில் சொல்லவில்லை” என்பதற்கான குறியீடு அந்த எண். அது வெப்பநிலையே அல்ல. பதில் வராததற்குக் கழன்ற ஜம்பர் ஒயர், பின் எண்ணைத் தவறாக எழுதியது என்று சாதாரணக் காரணங்கள் இருக்கும். அடிக்கடி காணப்படும் காரணம் ஒரு சின்ன ரெசிஸ்டர்: 4.7 கிலோ ஓம்.

அந்த ரெசிஸ்டர் எதற்கு? இந்த சென்சாரின் பேச்சு முழுவதும் ஒரே டேட்டா ஒயரில் நடக்கிறது. போர்டும் பேசும், சென்சாரும் பேசும். இருவருக்கும் அந்த ஒயரைக் கீழே இழுக்க மட்டுமே தெரியும், அதாவது பூஜ்ய வோல்ட்டுக்கு. மேலே தூக்குவது யாருடைய வேலையும் அல்ல. கிணற்றில் வாளியை இறக்கத்தான் ஆளுண்டு, தானாக மேலே வர ஒரு எதிர்ப்பாரம் வேண்டும் என்பதுபோல. டேட்டா ஒயருக்கும் மின்சார ஒயருக்கும் நடுவே போடும் 4.7 கிலோ ஓம்தான் அந்த எதிர்ப்பாரம். போர்டு முதலில் ஒயரைக் குறைந்தது 480 மைக்ரோ நொடி கீழே பிடித்துவிட்டு விடும். ரெசிஸ்டர் அதை மேலே தூக்கும். உடனே சென்சார் 60 முதல் 240 மைக்ரோ நொடி வரை அதைக் கீழே இழுத்து “இருக்கிறேன்” என்று சொல்லும். ரெசிஸ்டர் இல்லையென்றால் இந்த முதல் வணக்கமே நடக்காது. ஊனோவின் சிப்புக்குள் இருக்கும் உள் ரெசிஸ்டரை வைத்துச் சமாளிக்கலாமே என்று சிலர் பார்ப்பார்கள். அது 20 முதல் 50 கிலோ ஓம் வரை. ஒயரை வேண்டிய வேகத்தில் தூக்கும் வலு அதற்கில்லை. மேசையில் குட்டை ஒயரோடு ஓடியது, மாடிக்கு ஒயர் இழுத்ததும் நின்றுபோகும்.

மாட்யூல் என்று விற்கப்படும் சிறு பச்சை, நீலப் பலகைகளில் இந்த ரெசிஸ்டரை ஏற்கெனவே சால்டர் செய்திருப்பார்கள். தனிச் சிப்பாக வாங்கியவருக்கு மைனஸ் 127, மாட்யூலாக வாங்கிய நண்பருக்கு 29.5 என்று வருவதன் ரகசியம் பெரும்பாலும் இதுதான். இஎஸ்பி32 போர்டு வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: அதில் 34 முதல் 39 வரையுள்ள பின்கள் கேட்க மட்டுமே தெரிந்தவை. ஒயரைக் கீழே இழுத்துக் கேள்வி கேட்க அவற்றால் முடியாது. ரெசிஸ்டர் எவ்வளவு சரியாக இருந்தாலும் அந்தப் பின்களில் டிஎஸ்18பி20 பேசாது. அந்தப் போர்டின் பின்கள் 3.3 வோல்ட்டுக்கானவை என்பதால் சென்சாருக்கும் அதே 3.3 வோல்ட்டையே கொடுக்க வேண்டும். 3 வோல்ட் முதல் 5.5 வரை எதுவானாலும் டிஎஸ்18பி20க்குப் போதும்.

85 வேறு கதை. மின்சாரம் கொடுத்ததும் சிப்பின் நினைவகத்தில் தயாரிப்பாளர் எழுதி வைத்திருக்கும் ஆரம்ப எண் அது. போர்டு “அளந்துகொள்” என்று கட்டளையிட்ட பிறகு 12 பிட் நுணுக்கத்தில் அளந்து முடிக்க அந்தச் சிப்புக்கு 750 மில்லி நொடி வரை பிடிக்கும். அவசரப்பட்டு அதற்குள் படித்தால் பழைய 85தான் கிடைக்கும். அளக்கும் நடுவில் மின்சாரம் ஒரு கணம் தளர்ந்து சிப் மீண்டும் தொடக்கத்துக்குப் போனாலும் 85தான். மின்சார ஒயரே இல்லாமல், டேட்டா ஒயரிலிருந்தே மின்சாரம் உறிஞ்சி இயங்கும் வசதி இதில் உண்டு. அந்த முறையில் அளக்கும் நேரத்தில் போதிய மின்சாரம் கிடைக்காமல் 85 அடிக்கடி தலைகாட்டும். இயன்றவரை மூன்று ஒயர்களையும் இணைத்துவிடுவதே நிம்மதி.

ஆனால் 85ஐக் கண்டதும் தூக்கி எறியும்படி புரோகிராம் எழுதிவிடவும் கூடாது. மொட்டை மாடியில் சோலார் வாட்டர் ஹீட்டரின் தொட்டியை அளப்பவருக்கு 85 டிகிரி உண்மையாகவே வரலாம். முந்தைய எண் 84.6, அடுத்தது 85.1 என்றால் நடுவில் வந்த 85 மெய். முந்தையது 31, அடுத்தது 31 என்றால் பொய். ஒரு எண்ணின் மெய்பொய் அதன் அக்கம்பக்கத்து எண்களில் தெரிந்துவிடும்.

4095.5 புரோகிராம் எழுதுபவரின் கை வழியே வருவது. சென்சார் 16 பிட் எண்ணாக விடை அனுப்புகிறது. ஒரு டிகிரி என்பது அதில் 16 படிகள். 25.0625 டிகிரி என்றால் 401 என்று வரும். பூஜ்யத்துக்குக் கீழே போனால் அதே 16 பிட்டுகளைக் குறியுள்ள எண்ணாகப் படிக்க வேண்டும். லைப்ரரி இல்லாமல் தானே எழுதுபவர், குறியில்லாத எண்ணாக எடுத்துக்கொண்டால் மைனஸ் அரை டிகிரி 65528 ஆகி, 16ஆல் வகுத்ததும் 4095.5 ஆகிவிடும். நம் ஊர்களில் இந்தப் பிழை வருடக்கணக்கில் வெளிப்படாமலே இருக்கும். ஃப்ரீசரில் வைக்கும் அன்றுதான் தெரியவரும்.

ஒரே டேட்டா ஒயரில் பல சென்சார்களைக் கோக்கலாம் என்பது டிஎஸ்18பி20இன் தனிச்சிறப்பு. ஒவ்வொன்றுக்கும் தொழிற்சாலையிலேயே 64 பிட் அடையாள எண் பொறித்துவிடுகிறார்கள். அதில் 48 பிட் தொடர் எண். 281 லட்சம் கோடி சென்சார்களுக்குத் தனித்தனி எண் கொடுக்க அது போதும். கோழிப்பண்ணையின் நான்கு மூலைகள், உரக்குழியின் வெவ்வேறு ஆழங்கள் போன்ற வேலைகளுக்கு இதைவிட எளிய ஏற்பாடு கிடையாது. ஒயரை ஒரே நீள வரியாக இழுத்து, வழியில் சென்சார்களைக் கோக்க வேண்டும்; ஒரு மையத்திலிருந்து நட்சத்திரம்போலக் கிளைகளாக விரித்தால் சிக்னல் கிளைமுனைகளில் மோதித் திரும்பி வந்து குழப்பும். இணைக்கும் முன்பே ஒவ்வொன்றையும் தனியாகப் படித்து, அதன் எண்ணை ஒயரில் டேப் ஒட்டி எழுதிவைப்பது பின்னால் பெரிய தலைவலியைத் தவிர்க்கும்.

போட்டியாளர்களைப் பற்றிச் சுருக்கமாக. பள்ளி அறிவியல் கண்காட்சிகளில் அதிகம் தென்படுவது நீல நிற டிஎச்டி11. ஈரப்பதமும் சேர்த்துச் சொல்லும். வெப்பநிலையில் பிழை இரு பக்கமும் 2 டிகிரி வரை இருக்கலாம், அளவெல்லை 0 முதல் 50 வரை. அதன் வெள்ளை அண்ணன் டிஎச்டி22 அரை டிகிரிக்குள் சொல்லும், ஆனால் இரண்டு நொடிக்கு ஒருமுறைதான் கேட்க வேண்டும். இரண்டின் மூக்கிலும் காற்றுத் துளைகள் இருப்பதால் தண்ணீர் பட்டால் முடிந்தது. பாஷ் நிறுவனத்தின் பிஎம்இ280 வெப்பநிலை, ஈரப்பதம், காற்றழுத்தம் மூன்றையும் சொல்லும். அதன் பெயரில் ஈரப்பதம் அளக்கத் தெரியாத பிஎம்பி280 விற்கப்படுவதும் நடக்கிறது; சிப்பின் அடையாளப் பதிவைப் படித்து, பதினறும எண்முறையில் 60 என்று வந்தால் முன்னது, 58 என்று வந்தால் பின்னது என்று அறியலாம். நிஜமான துல்லியம் தேடுவோருக்கு டெக்ஸஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிஎம்பி117 மைனஸ் 20க்கும் 50க்கும் இடையில் 0.1 டிகிரிக்குள் நிற்கும். விலையும் அதற்கேற்ப.

ராஸ்பெர்ரி பை பிகோ போர்டின் சிப்புக்குள்ளேயே வெப்பநிலை சென்சார் ஒன்று இருக்கிறதே, தனியாக எதற்கு வாங்க வேண்டும் என்ற கேள்வியும் எழும். அது 27 டிகிரியில் 0.706 வோல்ட் தரும், டிகிரிக்கு 1.721 மில்லிவோல்ட் வீதம் இறங்கும். ஒப்பிட்டுப் பார்க்கும் மின்னழுத்தம் 1 சதவீதம் பிசகினாலே விடை சுமார் 4 டிகிரி பிசகிவிடும். தவிர, அது அளப்பது சிப்பின் சூட்டை, அறையின் சூட்டை அல்ல. எல்எம்35 காட்டிய அதே நோய், இன்னும் கடுமையாக.

இப்போது நம்பும்படியான பொய்களுக்கு வரலாம். திரையில் 30.0625 என்று நான்கு தசம இலக்கங்கள் தெரிந்தால் மனம் மயங்கிவிடுகிறது. அந்த 0.0625 சென்சாரின் படி அளவு. பிழை எல்லை அதைப்போல 8 மடங்கு. சற்று முன் 30.06, இப்போது 30.13 என்றால் சூடு கூடியிருக்கிறது என்று சொல்லலாம்; அறை 30.13 டிகிரி என்று சொல்ல முடியாது. திரையில் ஒரே ஒரு தசம இலக்கத்தோடு நிறுத்திக்கொள்வது வாசிப்பவருக்குச் செய்யும் நியாயம்.

போர்டின் சூடு அடுத்தது. வைஃபை வேலை செய்யும் இஎஸ்பி32 நூறு மில்லி ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 5 வோல்ட்டை 3.3 ஆக்கும் ரெகுலேட்டர் அந்த வித்தியாசத்தை முழுவதும் சூடாகவே கக்கும். அழகாக இருக்கட்டும் என்று போர்டையும் சென்சாரையும் ஒரே சிறிய பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்தால், அளக்கப்படுவது பெட்டியின் உள்காற்று. அதில் சில டிகிரி கூடுதலாக வருவது வியப்பல்ல. பத்து செ.மீ. ஒயர் வைத்து சென்சாரைப் பெட்டிக்கு வெளியே, போர்டுக்குக் கீழே தொங்கவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். சூடு மேலே ஏறும் என்பதால் கீழே என்பது முக்கியம்.

வெளியில் வைப்பவர்களுக்கு வெயிலே எதிரி. சென்சார் சொல்வது எப்போதும் தன்னுடைய சூட்டைத்தான். வெயில் நேரடியாகப் பட்டால் அது காற்றைவிடச் சூடாகிவிடும். இதற்கு விடை கண்டவர் ஸ்காட்லாந்தின் கலங்கரை விளக்கப் பொறியாளர் தாமஸ் ஸ்டீவன்சன். எழுத்தாளர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் தந்தை. ஜன்னல் சட்டம்போன்ற சாய்பலகைகளால் நாற்புறமும் அடைத்த அவருடைய வெள்ளைப் பெட்டி இன்றும் உலகெங்கும் வானிலை நிலையங்களில் நிற்கிறது. வெயில் படாது, காற்று நுழையும். வெப்பமானி தரையிலிருந்து 1.25 முதல் 2 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்பது உலக வானிலை அமைப்பின் வழிகாட்டல். வெள்ளை பிளாஸ்டிக் தட்டுகளைக் கவிழ்த்து, நடுவே இடைவெளி விட்டு அடுக்கினால் வீட்டிலேயே அதன் சிறு உருவம் தயார்.

ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட் நகரில் 2015இல் குடிமக்கள் தொடங்கிய காற்றுத் தூசி அளவீட்டு வலையமைப்பு இந்த இடத்தில் நல்ல பாடம். இன்று சென்சார் கம்யூனிட்டி என்ற பெயரில் பல நாடுகளில் பரவியிருக்கிறது. இஎஸ்பி8266 போர்டு, தூசி சென்சார், ஒரு டிஎச்டி22. அனைத்தையும் கழிவுநீர்க் குழாயின் இரண்டு வளைவுத் துண்டுகளுக்குள் அடைத்துப் பால்கனியில் தொங்கவிடலாம். மழை புகாத, கடையில் உடனே கிடைக்கும் அந்த வளைவுக் குழாய்த் தேர்வு பாராட்டத்தக்கது. காற்றில் ஈரம் மிகும்போது நீர்த்துளிகளையும் தூசி என்று அந்த சென்சார் எண்ணிவிடும் என்பதால்தான் ஈரப்பத அளவும் தேவைப்பட்டது. பின்னாளில் டிஎச்டி22க்குப் பதில் பிஎம்இ280 பரிந்துரைக்கப்பட்டது. தூசி அளக்க அந்த ஏற்பாடு போதும். ஆனால் வெயில் விழும் சுவரில் குழாய் சூடேறினால் உள்ளே வெப்பநிலை எண்ணும் ஏறும். அந்த எண்ணை நகரத்தின் வெப்பநிலை என்று படித்துவிடக் கூடாது. ஒரு கருவியை எதற்காக வைத்தார்களோ அதற்கு மட்டுமே அதன் சொல்லை நம்ப வேண்டியிருக்கிறது.

தடுப்பூசிக் குளிர்பெட்டிகளில் இதே விஷயம் உயிரோடு விளையாடும். பெரும்பாலான தடுப்பூசிகளை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். ஹெபடைடிஸ் பி போன்றவை சூட்டைவிட உறைவதில்தான் சட்டென்று கெடும். இந்தியாவில் 2015 முதல் இவின் என்ற திட்டத்தின் கீழ் குளிர்பெட்டிகளின் வெப்பநிலையை மின்னணுக் கருவிகள் தொடர்ந்து அனுப்பிவருகின்றன. இப்படியொன்றைத் தானே செய்துபார்க்கும் மாணவர் முதலில் காண்பது, கதவைத் திறக்கும்போதெல்லாம் எண் தாவிக் குதிப்பதை. காற்று சட்டென்று சூடாகிறது. குப்பிக்குள் இருக்கும் மருந்து அவ்வளவு வேகமாகச் சூடாவதில்லை. அதனால்தான் மருத்துவக் குளிர்பெட்டிகளில் சென்சார் முனையைக் கிளைகால் திரவம் நிறைந்த சிறு புட்டிக்குள் அமிழ்த்துகிறார்கள்; மருந்து சூடாகும் வேகத்திலேயே சென்சாரும் சூடாகும். எல்லை 2 டிகிரி, சென்சாரின் பிழை அரை டிகிரி என்றால் எச்சரிக்கை மணியை 2.5இலேயே அடிக்க வைக்க வேண்டும். மருத்துவப் பயன்பாட்டுக்குச் சான்றளிக்கப்பட்ட கருவிதான் வேண்டும் என்பதைச் சொல்லாமல் விட முடியாது.

போலிகளும் உண்டு. டிஎஸ்18பி20 என்று அச்சிட்டு விற்கப்படுபவற்றில் அசல் நிறுவனம் செய்யாத சிப்புகள் ஏராளம். பல ஒழுங்காகவே வேலை செய்யும். சில, டேட்டா ஒயரிலிருந்து மின்சாரம் உறிஞ்சும் முறையில் இயங்காது. சில பிழை எல்லையைத் தாண்டும். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

சோதிக்க விலையுயர்ந்த கூடம் தேவையில்லை. நல்ல குடிநீரில் உறையவைத்த பனிக்கட்டியைத் தூளாக்கி, ஃபிளாஸ்க் நிறையத் திணித்து, இடைவெளிகள் நிரம்பும் அளவுக்குக் குளிர்ந்த நீர் ஊற்றிக் கலக்கினால் அந்தக் கலவை 0 டிகிரியில் நிற்கும். பனிக்கட்டியில் உப்பு சேர்ந்திருந்தால் கணக்கு கெடும். எஃகுக் குழாய் சென்சாரை நடுவில், பக்கங்களில் படாமல் இறக்கி, பத்து நிமிடம் விட்டு, எண் அசையாமல் நின்றதும் குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்த புள்ளிக்குக் கொதிநீர் என்று பலர் எழுதுகிறார்கள். சென்னையில் அது ஏறத்தாழ 100. 2,240 மீட்டர் உயரத்து ஊட்டியில் 93ஐ ஒட்டியே கொதித்துவிடும். ஒயரின் பிளாஸ்டிக் உறையும் கொதிநீரை நெடுநேரம் விரும்பாது. அதைவிட, 37 டிகிரியை ஒட்டிய வெந்நீரில் வீட்டிலிருக்கும் நல்ல காய்ச்சல் வெப்பமானியையும் சென்சாரையும் அருகருகே பிடித்து ஒப்பிடுவது எளிது. நாம் பெரும்பாலும் அளக்கப்போகும் எல்லைக்கும் பக்கத்தில் இருக்கிறது.

பனிக்கட்டியில் 0.4 என்று காட்டினால் புரோகிராமில் 0.4ஐக் கழிக்கும் ஒரு வரி. வெந்நீரிலும் அதே வித்தியாசம் வந்தால் அந்த ஒரு வரி போதும். வேறு வித்தியாசம் வந்தால் இரண்டு புள்ளிகளையும் சேர்த்து ஒரு நேர்கோட்டுக் கணக்கு. அடையாள எண் எழுதிய அதே டேப்பில், திருத்த அளவையும் சோதித்த தேதியையும் எழுதி ஒயரில் ஒட்டிவிடலாம். ஆறு மாதம் கழித்து அதே ஃபிளாஸ்க்கில், அதே பனிக்கட்டியில் இறக்கிப் பார்க்கும்போது ஒப்பிட அந்தத் தேதி வேண்டும்.